ஆட்டுக்குப் பட்ட கடன்

விழுப்புரத்திலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து இரவு பத்து மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லி சேர்ந்து, தில்லியில் ஒரு பகற்பொழுதைக் கழித்துவிட்டு, மறுபடியும் இரவு வண்டி ஏறி இமயமலையின் அடிவாரத்தை அடைவது என்ற எங்கள் பிரயாணத் திட்டத்தை நான் விவரித்துக்கொண்டு வந்தபோது, அது வரையில் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை, அந்த இரண்டாவது வண்டியின் பெயரைக் கேட்டவுடன் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். ராணிக்கேத் எக்ஸ்பிரஸ் என்பது அதன் பெயர். "அது கோழிச் சீக்கு இல்லையா அண்ணா?" என்றாள். எங்கள் பக்கத்தில் கோழி வளர்க்கிற பெண்கள் வெள்ளைக்கழிச்சல் என்று அஞ்சுகிற வியாதிக்குக் கால்நடை மருந்தகத்தில் வழங்குகிற பெயர் ராணிக்கெட் நோய் என்பதாகும். மாலையில் நன்றாக மேய்ந்து கூண்டில் அடைந்த கோழிகள் காலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடப்பதைக் கண்டு கண்ணீர் விட்டவர்களுக்கு, அப்பெயர் ஓர் அழகிய மலையூரின் பெயர் என்பதோ, அந்த ஊரின் பெயரால் ஒரு ரயில் ஓடுகிறது என்பதோ எப்படித் தெரியும்? அவளுடைய மகள் மட்டும் சிரிக்காமல், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நோய்க்கு அப்பெயர் வந்த வரலாற்றைப் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமையைக் கண்டபோதே இந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

தங்கை மகள் சென்னை வேப்பேரியில், 1903-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தப் பழமையான கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவள். பட்டம் பெற்றவுடன் அரசாங்கத்தில் கால்நடை உதவி மருத்துவர் வேலைக்கு முயன்று, ஏதாவது ஒரு மருந்தகத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள், ஊருக்குப் பக்கமாக வந்துவிடுவாள் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ அகில இந்திய நுழைவுத் தேர்வு ஒன்றை எழுதி, உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில், வைரஸ் நோய்களைப் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். அங்கே வகுப்புப் பாடங்கள் முடிந்தன. இனி ஆய்வேட்டுக்கான வேலையை, அக்கழகத்தின் தாய்வீடு என்று சொல்லத்தக்க முக்தேஸ்வர் என்னும் மலையூரில் செய்ய வேண்டும். விடுமுறைக்கு வந்தவளைத் திரும்ப அழைத்துச் சென்று அங்கே விட்டுவிட்டு வரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பெண் தனியாகப் போக மாட்டாள் என்பதில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தனியாகவே போய் வருகிறவள் அவள். மலையையும் அந்த இடத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

வண்டி விஜயவாடாவைத் தாண்டி, கோதாவரிப் பிரதேசத்தின் கரிசல் காடுகளுக்குள் புகுந்து சென்ற மறுநாட் காலையில், தங்கை கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நோய் தீர்க்கிற வைத்தியம் படித்தவள் நோயைத் தேடிப் போகிற ஆராய்ச்சிக்கு ஏன் வந்தாய்?" என்று அவளைக் கேட்டேன். வெகு நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செம்மறிக் கண்ணியை உங்களுக்கு ஞாபகம் இருக்கா மாமா?" என்றாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. செம்மறி அன்று அது. செம்பட்டை நிறமுள்ள வெள்ளாடு. கண்கள் மட்டும் செம்மறியின் கண்களைப்போல் சாதுவாக இருந்ததால் குழந்தையாக இருந்த இவள் அதற்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள். இவள் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருஷம், சந்தையிலிருந்து வாங்கி வந்த இரண்டு குட்டிகள் மூக்கொழுகி, வாயெல்லாம் புண்ணாகித் தீனி எடுக்காமல் நின்றன. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. பத்து நாட்களுக்குள் கொட்டிலில் இருந்த பதினொரு உருப்படிகளில் எட்டு போய்விட்டன. ஆட்டுக்கொல்லி என்று ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் மிகையானது அன்று. அண்டை வீட்டார் சிலர், நோய் தங்கள் பட்டிக்கும் வருவதற்குள் ஆடுகளைக் காசாக்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சந்தைக்கு ஓட்டிச் சென்றதையும், அதனாலேயே அடுத்த ஊர்களிலும் நோய் பரவியதையும், அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை என்பதையும் அவள் இப்போது எனக்குச் சொன்னாள். ஏழையின் வீட்டில் ஆடு என்பது வங்கிக் கணக்கு. கணக்கு மூழ்கப்போகிறது என்று தெரிந்தால் யார்தாம் எடுக்காமல் இருப்பார்கள்?

"எட்டு ஆட்டையும் புதைக்கும்போது டாக்டர் வந்தார் மாமா. அவர் மேல தப்பே இல்லை. வந்த நோய்க்கு மருந்து இல்லை, முன்னாடியே ஊசி போட்டிருக்கணும்னு சொன்னார். முன்னாடியே-ன்னு அவர் சொன்ன அந்த வார்த்தை எனக்குள்ள தங்கிப்போச்சு." பட்டம் பெற்ற பிறகு, பயிற்சிக் காலத்தில் அவளே மருந்தகத்தில் நின்று அதே வார்த்தையை வேறொரு கிழவியிடம் சொல்ல நேர்ந்ததாம். அன்று இரவே முதுகலைக்கு மனுப் போடுவது என்று முடிவு செய்தாளாம். ஒரு மாட்டுக்கு, ஓர் ஆட்டுக்கு, வந்த பின் பார்க்கிற வைத்தியம் உயர்ந்தது. வராமலே செய்கிற வித்தை அதற்கு முந்தியது என்பது அவள் கண்ட பேதம்.

இரவு எட்டரை மணிக்குப் போபால் வந்தது. சிறிது நேரமே நின்ற அந்த ஸ்டேஷனில் அவள் கீழே இறங்கி, நகரத்தின் விளக்குகள் இருந்த திசையைச் சுட்டிக்காட்டி, அங்கே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது என்றாள். உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வுக்கூடம் என்று பெயர் பெற்ற அந்த இடத்தில்தான், 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, அது பறவைக் காய்ச்சல் என்று முதன்முதலாக நிச்சயிக்கப்பட்டது. உள்ளே போகிறவர்கள் உடுத்த துணியைக் களைந்து வேறு உடை அணிந்து போவார்களாம். வெளியே வரும்போது குளித்துவிட்டுத்தான் வர வேண்டுமாம். உள்ளேயிருக்கிற காற்றுகூட வடிகட்டப்பட்டே வெளியேறுமாம். கோயிலுக்குள் போகும்போது குளிக்கிறோம். அங்கே வெளியே வரும்போது குளிக்கிறார்கள். இரண்டிலும் உள்ள பயபக்தி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

தில்லியைப் பற்றிச் சொல்ல எனக்கு விசேஷம் ஒன்றும் இல்லை. வெயிலும் கூட்டமுமாக அந்தப் பகல் கழிந்தது. ராணிக்கேத் எக்ஸ்பிரஸ் இரவு முழுவதும் ஓடி, விடிவதற்கு முன்பே எங்களைக் காட்கோதாமில் இறக்கிவிட்டது. மரக்கிடங்கு என்பது அந்தப் பெயரின் பொருள். மலையிலிருந்து வெட்டி மிதக்கவிட்ட மரங்களைச் சேர்த்து வைத்த இடமாக இருந்த அந்தச் சிற்றூருக்கு 1884-ஆம் ஆண்டில் ரயில் வந்தது. அதற்கு அப்பால் இன்றும் தண்டவாளம் கிடையாது. சமவெளி அங்கே ஒரு சுவரில் முட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. ஒரு வாடகை ஜீப்பில் ஏறினோம். பீம்தால் ஏரியின் நீலத்தை ஒரு கணம் காட்டிவிட்டு மறைத்து, பவாலியின் கடைவீதியைக் கடந்து, ராம்கட்டின் ஆப்பிள் தோட்டங்களின் ஓரமாகப் பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. சீமை ஆலைப்போல் தழைத்த ஓக் மரங்களும், வசந்தத்தில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் புராஞ்ச் மரங்களும், நெடிதுயர்ந்த தேவதாருக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பவாலியில் சாலை பிரிகிற இடத்தில் ஒரு வழிகாட்டிப் பலகையில் ராணிக்கேத் என்று எழுதியிருப்பதைக் கண்டு, ஜீப்பை நிறுத்தச் சொல்லி, தாய்க்கு அனுப்புவதற்காக அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகேயும் ஜாவாத் தீவிலும் கண்டறியப்பட்ட அந்தக் கோழி நோய், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்த ராணிக்கேத்தில் காணப்பட்டதை எட்வர்ட்ஸ் என்னும் விஞ்ஞானி பதிவு செய்தார்; அதனால் உலகமெல்லாம் நியூகாசில் என்று அழைப்பதை நாம் ராணிக்கெட் என்று அழைக்கிறோம். பிறகு 1940-களில் அதே நோயின் கிருமியைச் சாதுவாக்கித் தடுப்பு மருந்து செய்தவர்கள் முக்தேஸ்வர்க்காரர்கள். அந்த மருந்து இன்றும் முக்தேஸ்வர் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. எட்டு வாரமான நாட்டுக்கோழிக்கு எங்கள் ஊரில் போடுகிற ஊசி அதுதான். நோய்க்கு ஒரு மலையின் பெயர், அதன் நிவாரணத்துக்குப் பக்கத்து மலையின் பெயர்! நோயின் பெயரை ஊரெல்லாம் அறியும். நிவாரணத்தின் பெயரைச் சொல்வார் இல்லை.

முக்தேஸ்வர் கடல்மட்டத்துக்கு மேல் 2,286 மீட்டர் உயரத்தில், மலைமுகடு ஒன்றின்மேல் இருக்கிறது. உச்சியில் சிவன் கோயில். அதன் படிகளில் ஏறி வடக்கே பார்த்தால், மேகம் இல்லாத காலையில், திரிசூலமும் நந்தாதேவியும் பஞ்சசூலியும் வெள்ளை வெளேரென்று ஆகாயத்தில் தொங்குவதுபோல் தெரிகின்றன. வேட்டை நூல்கள் எழுதிய ஜிம் கார்பெட் இங்கே திரிந்த ஓர் ஆட்கொல்லிப் புலியைக் கொன்ற கதையைச் சொல்லியிருக்கிறார். அதனால் ஊரின் பெயரை அறிந்தவர்கள் சிலர் உண்டு. இந்த மலையிலிருந்து புறப்பட்டுப் போனதோ அந்தப் புலியைக் காட்டிலும் ஆயிரமாயிரம் மடங்கு பெரிய ஆட்கொல்லியை ஒழித்த கதை. அதை அறிந்தவர்கள் குறைவு.

அந்தக் கொல்லியை வெக்கை நோய் என்று எங்கள் தாத்தா காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாட்டுக்குக் காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயில் தவிடு தூவியதுபோல் புண் காணும். கழிச்சல் கண்டு ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டி, அம்மனுக்குக் கூழ் ஊற்றி, மாடுகளை ஏரிக்கு அந்தப்புறம் ஓட்டிவிட்டுக் காத்திருப்பார்களாம்; ஏர் பூட்ட ஒரு ஜோடி மிஞ்சினால் தெய்வாதீனம். ஐரோப்பாவில் இதே நோய் பதினெட்டாம் நூற்றாண்டில் மாடுகளை வாரிக்கொண்டு போனதால் உண்டான அவசியமே, 1761-ஆம் ஆண்டு பிரான்ஸில் லியோன் நகரத்தில் உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றுவதற்குக் காரணமாயிற்று. 1890-களில் ஆப்பிரிக்காவில் பரவியபோது, பல பிரதேசங்களில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகள் மடிந்து, அவற்றை நம்பியிருந்த ஜனங்களும் பஞ்சத்தில் மடிந்தார்கள். இந்தியாவில் 1871-ஆம் ஆண்டிலேயே மாட்டுக் கொள்ளைநோய்களைப் பற்றி விசாரித்து ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதன்பின் 1889-இல் பூனாவில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது; ஆனால் உயிருள்ள கொடிய கிருமியை வைத்துக்கொண்டு, மந்தைகள் நிறைந்த சமவெளியில் சோதனை செய்வது ஆபத்து என்று உணர்ந்து, மனித சஞ்சாரம் குறைந்ததும் குளிர்ந்ததுமான இந்த உச்சியை 1893-இல் தேர்ந்தெடுத்தார்கள். முதல் தலைவர் ஆல்பிரெட் லிங்கார்டு.

நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து நடந்து போகும் வழியில், கல்லால் கட்டிச் சிவப்புத் தகரக் கூரை வேய்ந்த பழைய கட்டடங்கள் தேவதாரு நிழலில் நின்றன. 1897-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் இங்கே வந்தார் என்று கேள்விப்பட்டபோது நான் சற்று நின்றுவிட்டேன். க்ஷயரோகத்தின் கிருமியையும் காலராவின் கிருமியையும் கண்டு சொன்ன அந்த மகான், தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லியில் வெக்கை நோயை ஆராய்ந்துவிட்டு, பம்பாயில் பிளேக் நோயைப் பார்ப்பதற்காக வந்தவர், கஃப்கி, ஃபைஃபர் என்னும் சகாக்களோடு இம்மலை ஏறி வந்திருக்கிறார். காட்கோதாமோடு ரயில் நின்றுவிட்ட அந்நாளில், ஜீப்பும் தார்ச்சாலையும் இல்லாத இந்த உயரத்துக்கு! நோயால் செத்த மாட்டின் பித்தநீரை ஆரோக்கியமான மாட்டின் தோலுக்கடியில் செலுத்தினால் அது பிழைக்கிறது என்பது அவர் கண்ட முறை. அது எங்கும் எப்போதும் பலிக்கவில்லை. அவர் வந்து போன இரண்டாவது வருஷம் ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று, மறுபடியும் கட்டினார்கள். சீரம் எடுத்தார்கள். சீரத்தோடு நோயுற்ற மாட்டின் இரத்தத்தையும் சேர்த்துச் செலுத்தும் முறை ஒன்று வந்தது. அதில் பலன் இருந்தது, ஆனால் செலவு மிகுதி, அந்த இரத்தத்தோடு வேறு நோய்களும் ஏறிவிடும் அபாயமும் மிகுதி.

இங்கேதான் ஆடு வருகிறது. 1920-களில் இக்கழகத்துக்குத் தலைமை வகித்த எட்வர்ட்ஸ் — ராணிக்கேத்தில் கோழி நோயைக் கண்டாரே, அவர்தாம் — மாட்டின் நோய்க்கிருமியை மாட்டிலேயே வளர்க்காமல், ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு, அதிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு என்று இடைவிடாமல் மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டு போனார். அப்படி ஆட்டுடம்பில் நெடுங்காலம் குடியிருந்த கிருமி, மாட்டைக் கொல்லும் குணத்தை மெல்ல மெல்ல இழந்து, மாட்டைக் காக்கும் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டது. 1927-ஆம் ஆண்டு வாக்கில், சீரத்தின் துணையில்லாமல் அதை மட்டுமே செலுத்தினாலும் மாடு ஆயுள் முழுவதும் அந்நோயிலிருந்து தப்பிக்கும் என்பது நிலைநாட்டப்பட்டது. மலிவான அந்த ஆட்டுத்திசு மருந்துதான், சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் தொடங்கிய தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டத்தில் நாடெங்கும் கிராமம் கிராமமாகச் சென்றது. நான் சிறுவனாக இருந்தபோது, பனிக்கட்டி நிறைந்த ஒரு பிளாஸ்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஒருவர் வருவார். புளியமரத்தடியில் மாடுகளை வரிசையாகப் பிடித்து நிறுத்துவோம். அந்த பிளாஸ்கில் இருந்தது இந்த மலையில் பிறந்த விஷயம் என்பதை அறுபது வயதைத் தாண்டிய பிறகு இங்கே வந்து தெரிந்துகொள்கிறேன்.

பிற்காலத்தில் கென்யாவில் முகுகா என்னுமிடத்தில் வால்டர் ப்ளோரைட், கன்றின் சிறுநீரக அணுக்களில் கிருமியை வளர்த்து, எந்த ஜாதி மாட்டுக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்தைச் செய்தார். அதன் உதவியும் சேர்ந்து, இந்தியாவில் வெக்கை நோய் 1995-ஆம் ஆண்டோடு நின்றது. அந்தக் கடைசி நோய் காணப்பட்டது எங்கோ அன்று, நம்முடைய தமிழ்நாட்டில்தான். உலகத்தில் கடைசியாக 2001-இல் கென்யாவில் கண்டது. 2011-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், இந்நோய் பூமியை விட்டு நீங்கியது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் அடியோடு அழிந்த இரண்டாவது வியாதி இது. பெரியம்மை ஒழிந்ததைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். ஏரின் முன்னால் நின்ற ஜீவனைக் காத்த இந்தக் காரியத்தை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை, முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தும் கற்பித்ததும் இல்லை. அதை நினைத்து உண்மையாகவே வருந்தினேன்.

ஆனால் என் தங்கை மகளுக்கு இந்தக் கதை அங்கே முடியவில்லை. கோயில் படியில் உட்கார்ந்து அவள் சொன்னதை என்னால் இயன்ற வரையில் எழுதுகிறேன். வெக்கை நோயின் கிருமிக்கு ஒரு குடும்பம் உண்டு. மனிதக் குழந்தைகளுக்கு வருகிற தட்டம்மை, நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர், ஆடுகளுக்கு வருகிற ஆட்டுக்கொல்லி எல்லாம் அதன் உடன்பிறப்புகள். 1942-இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் தனி நோயாக அறியப்பட்ட ஆட்டுக்கொல்லி, இந்தியாவில் முதன்முதலாக 1987-ஆம் ஆண்டில், எங்கள் விழுப்புரம் பக்கத்து அரசூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் ஆடுகளுக்கு இப்படி வந்தால், வெக்கைதான் ஆட்டுக்கும் வந்துவிட்டது என்று எண்ணியிருப்பார்கள். சில ஆண்டுகள் தென்னாட்டோடு இருந்து, 1990-களில் அது வடக்கே பரவியது. அது வரையில் ஆட்டுக்கென்று தனி மருந்து இல்லாததால், மாட்டு மருந்தையே ஆட்டுக்கும் போட்டார்கள். வெக்கை ஒழியும் தறுவாயில் அந்த மருந்தை நிறுத்தியே ஆக வேண்டியதாயிற்று; நோய் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் எந்தப் பிராணியின் இரத்தத்திலும் அதன் சுவடு இருக்கக் கூடாது அல்லவா? அப்போது இதே முக்தேஸ்வரில், ஹிமாசலப் பிரதேசத்தின் சுங்க்ரி என்னும் ஊரில் 1996-இல் எடுத்த ஆட்டுக்கிருமியைப் பக்குவப்படுத்தி, ஆட்டுக்கென்றே ஒரு மருந்து செய்தார்கள். சென்னையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் அரசூர்க் கிருமியிலிருந்தே மற்றொன்று செய்தார்கள்.

"மாட்டைக் காப்பாத்த ஆட்டோட உடம்பைத்தான் கடனா வாங்கினாங்க மாமா. எத்தனை ஆடுன்னு கணக்கு யார்கிட்டயும் இருக்காது. மாடு பிழைச்சுது. ஆட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கறதுக்கு அறுபது, எழுபது வருஷம் ஆச்சு. அதுவும் இன்னும் முழுசாக் கொடுத்து முடியலே."

ஏன் முடியவில்லை என்று கேட்டேன். மாடு பல ஆண்டுகள் வாழும். ஒரு முறை போட்ட ஊசி மந்தையில் நெடுங்காலம் நிற்கும். ஆடோ வருஷந்தோறும் ஈனும், வருஷந்தோறும் சந்தைக்குப் போகும். இன்று ஊசி போட்ட பட்டியில் இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்குமேல் புதிய ஆடுகளாக இருக்கும். மருந்து, செய்த இடத்திலிருந்து கடைசிக் கிராமத்தின் கடைசிக் கொட்டில் வரையில் குளிர் குறையாமல் போக வேண்டும். சித்திரை வெயிலில் ஓர் ஐஸ் பெட்டி உருகிப்போனால் அன்று போட்ட ஊசியெல்லாம் தண்ணீருக்குச் சமானம். இவை இரண்டுக்கும் மேலாக இன்னொரு சிக்கல் இருக்கிறது; அவளுடைய ஆய்வு அதைப் பற்றியது. ஊசி போட்டுக்கொண்ட ஆட்டின் இரத்தத்திலும், நோய் வந்து பிழைத்த ஆட்டின் இரத்தத்திலும் ஒரே விதமான எதிர்ப்புச் சத்து காணப்படுகிறது. 2030-க்குள் ஆட்டுக்கொல்லியை உலகத்தை விட்டே ஓட்டுவது என்று நாடுகள் சங்கற்பம் செய்திருக்கின்றன. ஓடிவிட்டதா, எங்கேனும் மறைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், இது ஊசியால் வந்த எதிர்ப்பு, இது நோயால் வந்த எதிர்ப்பு என்று பிரித்துச் சொல்லும் உரைகல் வேண்டும். அந்த உரைகல்லின் ஒரு சிறு பொடியையாவது தான் தேய்த்துத் தர முடிந்தால் போதும் என்றாள்.

ஆய்வுக்கூடத்துக்குள் என்னைப் போன்றவர்கள் போக முடியாது, அது நியாயமே. வெளியே ஒரு கல்பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். வந்தவளின் முகம் வாடியிருந்தது. கண்ணாடிக் குப்பியில் வளர்த்த குரங்கின் சிறுநீரக அணுக்கள் — வீரோ என்று அவற்றுக்குப் பெயர் — கிருமி தாக்கினால் ஒன்றோடொன்று கலந்து பெரும் பெரும் திட்டுக்களாக ஆகும். அதைக் கண்டே கிருமி வளர்ந்திருக்கிறது என்று அறிவார்கள். அவள் எதிர்பார்த்த குப்பியில் ஒன்றும் ஆகவில்லை; அணுக்கள் வேறு ஏதோ அசுத்தத்தால் கலங்கிப்போயிருந்தன. பத்து நாள் வேலை வீண். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பட்டம் வாங்க இன்னும் ஓராண்டு. அதன் பிறகு டாக்டர் பட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்குக் குறையாது. அதற்கும் பிறகு விஞ்ஞானி வேலைக்கான தேர்வு. அதில் இடம் கிடைத்தால் நாட்டின் எந்த மூலையில் போடுவார்களோ. அவளோடு படித்தவர்கள் இப்போது ஊரில் சம்பளம் வாங்குகிறார்கள்; சிலருக்குக் கலியாணம் ஆகிக் குழந்தையும் இருக்கிறது. இவற்றை நான் சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வேற குப்பி எடுக்கணும்" என்றாள்.

என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றையும் அன்று கேட்டுவிட்டேன். ஆட்டின்மேல் உள்ள அன்பினால் இந்தத் துறைக்கு வந்தவள், மருந்து பலிக்கிறதா என்று பார்ப்பதற்காக, நன்றாக இருக்கிற ஓர் ஆட்டுக்கு நோயைக் கொடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வாள்? சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அத்தகைய சோதனைக்குத் தனிக் குழுவின் அனுமதி வேண்டும் என்றும், எவ்வளவு குறைந்த ஆடுகளைக் கொண்டு செய்ய முடியுமோ அவ்வளவே செய்ய வேண்டும் என்றும் விதி இருப்பதை முதலில் சொன்னாள். பிறகு, "இஜத்நகர்ல ஒரு தடவை பக்கத்துல நின்னேன் மாமா. ராத்திரி கொட்டில்ல போய் அதோட கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். அதுக்கு என்ன பண்றேன்னு அதுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தத் தெரிஞ்சது போகக் கூடாது. அது போயிடுச்சுன்னா நான் இந்த வேலையை விட்டுடணும்" என்றாள். இதற்குமேல் அவளிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

நான் புறப்பட்ட காலையில் மேகம் விலகி நந்தாதேவி தெளிவாகத் தெரிந்தது. கடைவீதியில் ஜீப்புக்காக நின்றிருந்தபோது, ஒரு குமாவுன் மூதாட்டி நாலைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்களைக் கடந்தாள். அவற்றில் ஒன்று தும்மியது. தங்கை மகள் என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய், மூதாட்டியிடம் அவளுடைய பாஷையில் இரண்டு வார்த்தை பேசி, தரையில் மண்டியிட்டு, அந்த ஆட்டின் தாடையை இடது கையால் ஏந்தி, உதட்டைக் கட்டைவிரலால் புரட்டி ஈறுகளைப் பார்த்தாள். கண்ணின் ஓரத்தையும் மூக்கையும் பார்த்தாள். காதை விரல்களுக்கிடையே பிடித்துச் சூடு பார்த்தாள். ஒன்றும் இல்லை, பாதையில் ஏறிய தூசிதான் என்று சொல்லி விட்டுவிட்டாள். ஆடு ஓடிப்போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

கையைத் துடைத்துக்கொண்டே ஊருக்குப் போன் செய்து என்னிடம் கொடுத்தாள். தங்கை, மலை எப்படி இருக்கிறது, குளிர் தாங்குகிறதா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு மகள் வாங்கி, "குட்டிங்களுக்கு ஊசி போட்டாச்சா அம்மா?" என்று கேட்டாள். நாலு குட்டிகளில் மூன்றுக்குப் போட்டாயிற்று, கடைசிக் குட்டிக்கு இன்னும் மூன்று மாதம் நிரம்பவில்லை, அமாவாசை கழித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்ற பதில், பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் தெளிவாகக் கேட்டது.